மினிமம் டியூவுக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பான் கார்டு, ஸ்கூல் ஃபார்ம் என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் கிரெடிட் கார்டு பில்லையும் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரும்மா" என்கிறார்கள். அந்த பில்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். விதிகளை வகுத்ததே உங்கள் அலுவலகம் என்பதால் அவற்றை உங்களுக்கு விளக்க வரவில்லை.

போன வாரம் தோல் பை தைக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். மகளுடைய கல்லூரிக் கட்டணம் 40,000 ரூபாயைக் கார்டில் கட்டியிருக்கிறார். அடுத்து வந்த மெசேஜில் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 2,000 என்று இருந்தது. மாதத் தவணை அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். வேறு எதற்கும் கார்டைத் தொடவில்லை. மாதம் 2,000 வீதம் பத்து மாதம், ஒரு தேதி தவறாமல் கட்டினார். பாதிக் கடன் முடிந்திருக்கும், மிச்சம் 20,000-ஐ ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று சீட்டு எடுத்த பணத்தோடு என் கடைக்கு வந்தார். பில்லில் பாக்கி கிட்டத்தட்ட 36,000 ரூபாய்.

தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 3.5 சதவீத வட்டி. 40,000-க்கு 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 252. ஆக 2,000 கட்டினால் 1,652 வட்டிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் போகிறது. அசலில் கழிவது 348 ரூபாய். அண்ணாச்சி வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு மாசம்கூட லேட் பண்ணலையேம்மா" என்றார். உண்மைதான். அவருடைய எந்த பில்லிலும் தாமதக் கட்டணம் என்று ஒரு ரூபாய் இல்லை. அத்தனை ஒழுங்காகக் கட்டியவருக்கு இந்த நிலைமை.

மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை எல்லா பில்லிலும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அண்ணாச்சியின் பில்லிலும் அது இருந்தது. கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். மினிமம் டியூ தொகை மட்டும் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. மெசேஜில் அந்த எச்சரிக்கை இல்லவே இல்லை. ஒரு பில்லில் எதைப் பெரிதாகப் போட வேண்டும் என்று வங்கிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, ஐயா.

நான் கேட்பது இதுதான். மினிமம் டியூ எங்கே அச்சாகிறதோ, அதற்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், "இதை மட்டும் கட்டினால் இவ்வளவு வட்டிக்குப் போகும், இவ்வளவு அசலில் கழியும், கடன் தீர இத்தனை மாதம் ஆகும்" என்று ரூபாய்க் கணக்கில் ஒரு வரி வேண்டும். மெசேஜிலும் வேண்டும். கார்டு வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் மொழியில் வேண்டும். முடியாத காரியம் இல்லை. மினிமம் மட்டும் கட்டினால் எவ்வளவு காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு போகும் என்பதை பில்லிலேயே போட வேண்டும் என்று அமெரிக்கா 2009-லேயே சட்டம் போட்டுவிட்டது.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு நோட்டின் பின்பக்கத்திலும் 15 மொழிகளில் அதன் மதிப்பு இருக்கிறது. 500 ரூபாய் நோட்டில் "ஐந்நூறு ரூபாய்" என்று தமிழிலும் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்று எங்கள் மொழியில் சொல்கிறீர்கள். நாங்கள் பட்ட கடன் எவ்வளவு என்பதையும் அதே மொழியில் சொல்லச் சொல்லுங்கள்.

கார்டு விற்கும்போது மொழி ஒரு தடையாகவே இருப்பதில்லை. எங்கள் சந்துக்கே தமிழ் பேசும் பையன்களை அனுப்புகிறார்கள். "லைஃப்டைம் ஃப்ரீக்கா, ஒரு கையெழுத்துப் போதும்" என்கிறார்கள். அப்புறம் சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு குரல். எங்கள் ஊர்ப்பக்கம் கந்துவட்டியால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே வந்தது. ஆனால் வட்டிக்கு விடுகிறவர்கூட "வட்டி மட்டும்தான் கட்டியிருக்க, அசல் அப்படியே நிக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். லைசென்ஸ் வாங்கிய வங்கி அதைச் சொல்லாமல் "பணம் கட்டியதற்கு நன்றி" என்று மெசேஜ் அனுப்புகிறது. எனக்கு இதில் வரும் கோபத்தை மறைக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

வட்டியைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது தெரியும். வாங்கும் வட்டியை ரூபாயில் சொல்லிவிட்டு வாங்கட்டும்.

கடைக்கு வருகிறவர்களிடம் என்னால் ஆனதைச் சொல்கிறேன். டியூ டேட்டுக்குள் மொத்தத் தொகையையும் கட்ட முடியும் என்றால் மட்டும் கார்டைத் தேயுங்கள். பாக்கி வைத்துவிட்டு அடுத்த நாள் மளிகை வாங்கினால், அதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, அன்றிலிருந்தே வட்டி. கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். முடிந்தால் மொத்தத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் பில்லை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தானே நான் சொல்ல முடியும்? மாதாமாதம் மினிமத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் என் கடைக்கு எதற்கு வரப்போகிறார்கள்? அவர்கள் எல்லார் கைக்கும் தவறாமல் போய்ச் சேருவது அந்த பில்லும் மெசேஜும்தான்.

அதனால் மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மினிமம் டியூவுக்குக் கீழே அந்த ஒரு வரி, ரூபாயில், அவரவர் மொழியில். உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் எல்லா வங்கிகளும் செய்துவிடும். ஜூனில் பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்டக் கார்டோடு வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன்னால் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
தாராவி, மும்பை