ஆயிரம் துண்டுகளில் தாரியஸின் வில்வீரர்கள்

சார்செல்,
டிசம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் அவரும் குழந்தையும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார், நீங்களே எழுதுங்கள். இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிரில் வெளியே போக மனம் வராததால், மேல் வீட்டில் குடியிருக்கும் ஈரானியப் பெரியவர் கொடுத்த ஜிக்சா புதிர் ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி உங்களுக்கு விரிவாக எழுதக் காரணம் உண்டு: அந்தப் படம் முழுவதும் செங்கல் வேலை. நாற்பது வருடம் கொத்தனார் கரண்டி பிடித்த உங்களைவிட அதைப் பார்த்து மகிழக் கூடியவர் யாரும் எனக்குத் தெரியவில்லை.

பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ், கி.மு. 510 வாக்கில், இன்றைய ஈரானில் உள்ள சூசா நகரில் கட்டிய அரண்மனையின் சுவர்ப் புடைப்புச் சிற்பம் அது. ஈட்டியை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்து, தோளில் வில்லும் அம்பறாத்தூணியும் தாங்கிய காவல் வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சுவர் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உயரம் 4.75 மீட்டர், அகலம் 3.75 மீட்டர். வெள்ளிக்கிழமை இரவும் அது திறந்திருப்பதால், அவர் வேலை முடிந்து வந்ததும் ரயிலேறிப் போய் நேரிலும் பார்த்துவிட்டு வந்தோம்.

புதிரில் 1000 துண்டுகள். பின்னணி முழுவதும் ஒரே நீலப்பச்சை என்பதால் அந்தத் துண்டுகளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அங்கி வந்துவிட்டால் வேலை ஓடும். ஒருவனுடைய அங்கியில் பூ வட்டங்கள், அடுத்தவனுடையதில் கட்டம் கட்டமாகச் சிறு கோட்டைகள். தலையில் முறுக்கிய கயிறு போன்ற பட்டை. துண்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடுவது தெரியும். அது படத்தின் கீறல் அல்ல, இரண்டு செங்கல் வரிசைகள் சேரும் இடம். பெரியவர் துணியின் நிறத்தை நம்பாமல் அந்தக் கோட்டினை வைத்தே துண்டுகளைப் பிரிக்கிறார். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அந்தச் சுவரே ஒரு காலத்தில் சிதறிக் கிடந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களான மார்செல் டியூலாஃபுவாவும் அவர் மனைவி ஜேனும் 1884 முதல் 1886 வரை சூசாவில் அகழாய்வு செய்தபோது, நின்ற நிலையில் ஒரு வீரனும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கலைந்து கிடந்த செங்கற்களைத்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள். முகம் எது, முழங்கை எது என்று பார்த்துப் பார்த்து அடுக்கியதில் உருவானதே இன்றைய சுவர். லூவ்ரில் சூசா கூடங்கள் 1888 இல் திறக்கப்பட்டன. ஆண் உடையில் பாரசீகத்தைச் சுற்றி வந்த ஜேனுக்கு 1886 இலேயே செவாலியே விருது கிடைத்தது. அந்த அம்மையாரின் பொறுமைக்கு அது தகும் என்பது என் எண்ணம்.

இனி உங்களுக்கான விஷயம். இவை களிமண் கற்கள் அல்ல, மணலும் சுண்ணாம்பும் கலந்து அச்சில் வார்த்தவை. ஒருமுறை சுட்ட பிறகு உருவங்களின் விளிம்புகளைக் கோடாக இழுத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவே வண்ணப் பூச்சை நிரப்பி மறுபடியும் சூளையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காமல் கோடு வரப்பாக நின்று தடுக்கிறது. எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்பதற்குக் கல்லின் மேல்பக்கத்தில், கட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அடையாளக் குறிகளும் உண்டு.

அரண்மனை கட்டிய கதையைத் தாரியஸ் கல்வெட்டாகவே எழுதி வைத்திருக்கிறான். பாறை தட்டும் வரை தோண்டி, ஓரிடத்தில் 40 முழமும் மற்றோரிடத்தில் 20 முழமும் சரளை கொட்டி இறுக்கி, அதன் மேல் கட்டியதாகச் சொல்கிறான். தோண்டியதும் சரளை நிரப்பியதும் செங்கல் அறுத்ததும் பாபிலோனியர். கல் செதுக்கியவர்கள் அயோனியக் கிரேக்கரும், இன்றைய துருக்கியில் இருந்த சார்டிஸ் நகரத்தாரும். பொன் வேலை ஈரானின் மேற்குப் பக்கத்து மீடியருக்கும் எகிப்தியருக்கும். தேவதாரு மரம் லெபனானிலிருந்து, தந்தத்தில் ஒரு பங்கு சிந்து நாட்டிலிருந்து. பெரியவர் இதை எனக்குச் சொன்னபோது, போர்ச்சுகல்காரரோடும் மாலிக்காரரோடும் சாரம் ஏறும் உங்கள் மாப்பிள்ளை, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆனால் இனங்களின் பெயர்தான் அதில் இருக்கிறது, சூளையில் நின்ற ஒரு மேஸ்திரியின் பெயரும் இல்லை. இவ்வளவு எழுதிய அரசன் அதையும் எழுதியிருக்கலாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். புடைத்த உருவம் உள்ள கல்லை அவ்வளவு உயரத்துக்கு அடுக்கும்போது, ஒரு வரிசையில் கலவை சற்றுத் தடித்தாலும் மேலே முகம் கோணிவிடும் அல்லவா? தூக்குக்குண்டும் நூலும் மட்டும் போதுமா, வேறு ஏதாவது உபாயம் உண்டா? பெரியவரும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறார்; அவருக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், விவரமாக எழுதுங்கள். அம்மாவுக்கு இரண்டு கம்பளிச் சால்வைகள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
கலா