ஹஜ்ஜா ஃபாத்திமா பள்ளிவாசலைத் தமிழில் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
தேசிய மரபுடைமைக் கழகம், சிங்கப்பூர்.

பொருள்: பீச் ரோடு ஹஜ்ஜா ஃபாத்திமா பள்ளிவாசலில் மாதந்தோறும் தமிழ் வழிகாட்டிச் சுற்று நடத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பீச் ரோட்டில் இருக்கிற ஹஜ்ஜா ஃபாத்திமா பள்ளிவாசலைத் தமிழில் சுற்றிக்காட்ட ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். விழாவுக்கு ஒரு நாள், விடுமுறைக்கு ஒரு நாள் என்றில்லாமல், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையாவது அங்கே போனால் தமிழில் கதை சொல்ல ஒருவர் இருப்பார் என்று எங்கள் ஆட்கள் நம்பி வர வேண்டும். வழிகாட்ட எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறார்கள், சம்பளம் கேட்கவில்லை. கழகம் தரவேண்டியது பயிற்சியும், சரிபார்த்த தகவலும், பள்ளிவாசல் நிர்வாகத்திடம் பேசி வாங்கித் தரும் அனுமதியும்தான்.

ஏன் இந்தப் பள்ளிவாசல் என்று கேட்பீர்கள். கம்போங் கிளாமில் தங்கக் குவிமாடத்தோடு சுல்தான் பள்ளிவாசல் இருக்கிறது, தமிழ் முஸ்லிம்கள் கட்டியதே வேண்டும் என்றால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா சூலியா, டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு பெண் தன் சொந்தக் காசில், தன் சொந்த நிலத்தில் கட்டிக்கொடுத்து, அவர் பெயராலேயே இன்றைக்கும் அழைக்கப்படுகிற பழைய பள்ளிவாசல் இதுதான். அதுவும் 1845, 1846 வாக்கில். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிச் செய்தார் என்பதே எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சாய்ந்த கோபுரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தப்பில்லை, பார்த்தவுடன் கண்ணில் படுவதே அதுதான். சுற்றிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், நடுவில் வெள்ளையாக, தேவாலயத்துக் கூம்பு மாதிரி ஒரு மினாரா. நேராக நிற்கிற ஒரு புளோக்கின் ஓரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் சாய்வு நன்றாகத் தெரியும். ஏறக்குறைய 6 பாகை. எங்கள் குழுவில் உள்ள ஒரு பெரியம்மா, கையில் இருந்த குடையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குடைக்கம்பிக்கும் மினாராவுக்கும் நடுவில் மேலே போகப்போக அகலமாகிற இடைவெளியை எங்களுக்குக் காட்டினார், அப்புறம் ஆளாளுக்குக் குடையை வாங்கிப் பார்த்தோம். அடியில் இருப்பது மணல்பாங்கான நிலம் என்பதுதான் காரணம். பீச் ரோடு என்ற பெயரே கடற்கரை ரோடு என்பதுதானே, ஒரு காலத்தில் அலை இங்கே வந்து அடித்தது. கடலைத் தூர்த்த நிலத்தில் 1956இல் திறந்த நிக்கல் நெடுஞ்சாலை இன்றைக்குக் கடலை அந்தப் பக்கம் தள்ளி நிற்க வைத்துவிட்டது. இதெல்லாம் நின்று பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம்.

ஆனால் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதைக் கட்டவைத்த அம்மையாரைப் பற்றிக் கேட்பதில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

ஹஜ்ஜா ஃபாத்திமா மலாக்காவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ் இனத்து இளவரசர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூருக்கு வந்தார், கணவருக்கு இங்கே வணிகம். இவர் இளம் வயதில் இருக்கும்போதே கணவர் இறந்துபோனார். அப்புறம் இந்த அம்மா மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கணவரின் வியாபாரத்தைக் கையில் எடுத்தார், கப்பல்களும் பாய்மரப் படகுகளும் சொந்தமாக வைத்து நடத்தினார், நல்ல செல்வமும் சேர்த்தார். கணவனை இழந்த பெண் கடை நடத்தினாலே நாலு பேச்சு பேசுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள், அவர் கப்பலே ஓட்டவைத்திருக்கிறார்.

இப்போது பள்ளிவாசல் இருக்கிற இடம் அவருடைய வீடு இருந்த இடம். அந்த வீட்டில் இரண்டு தடவை திருடர்கள் புகுந்தார்கள், இரண்டாவது தடவை வீட்டுக்குத் தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று இறைவனுக்கு நன்றியாக அந்த நிலத்தையே பள்ளிவாசலுக்குக் கொடுத்தார், கட்டப் பணமும் கொடுத்தார், தான் வேறு இடத்துக்குக் குடிபோனார். இதைப் படிக்கும்போது ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள் ஐயா. வீடு எரிந்துபோனால் நாம் என்ன செய்வோம்? மதிலை உயர்த்துவோம், காவலுக்கு ஆள் போடுவோம், இல்லாவிட்டால் மனம் கசந்து நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போவோம். அவர் அந்த இடத்தை எல்லாரும் வந்து தொழுகிற இடமாக மாற்றினார். ஏழைகள் தங்குவதற்கு வீடுகளும் கட்டிக்கொடுத்தார். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பலரும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ கோபுரச் சாய்வைவிட இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வணங்க ஒரு கூரை, கூடவே இல்லாதவர்களுக்குத் தலைசாய்க்க ஒரு கூரை என்று ஒரே மனதில் யோசித்தவர் அவர். வாடகை வீட்டில் இருந்து முன்னேறி வந்த குடும்பங்கள் எங்களில் நிறைய, எனவே இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பள்ளிவாசலின் பின்பக்கம் அவரும், மகள் ராஜா சித்தியும், மருமகன் சையது அகமது அல்சகோஃபும் அடக்கமாகியிருக்கிறார்கள். அல்சகோஃப் என்றால் இந்த ஊரில் பெயர்பெற்ற அரபு வணிகக் குடும்பம். அம்மையார் 98 வயது வரை வாழ்ந்ததாகச் சொல்வார்கள்.

கட்டடத்திலும் பார்க்க நிறைய இருக்கிறது. மினாராவில் ஐரோப்பிய பாணித் தூண் வேலைப்பாடு, தொழுகைக் கூடத்துக்கு மேலே வெங்காய வடிவக் குவிமாடம், மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்த சன்னல்கள். 1930களில் தொழுகைக் கூடத்தை எடுத்துக் கட்டியபோது வரைபடம் போட்டது சுங் அண்ட் வோங் என்ற சீனக் கட்டடக்கலை நிறுவனம், கட்டியது போசார் மோபான் என்ற பிரெஞ்சு ஒப்பந்ததாரர், கைவேலை மலாய்க் கலைஞர்களுடையது. நல்லிணக்கம் என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பதை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

1973இல் சிங்கப்பூர் முதன்முதலாகத் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்தது எட்டு இடங்களை. அந்த எட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒன்று, ஹஜ்ஜா ஃபாத்திமா பள்ளிவாசலும் ஒன்று. நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள். என்னோடு இந்த மனுவில் சேர்ந்திருக்கும் பெண்களில் கடையநல்லூர் வழிவந்த முஸ்லிம் குடும்பத்து அக்காக்கள் இருக்கிறார்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முஸ்லிம்கள் விஷயத்தில் நமக்கு என்ன வேலை என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியைப் போற்றுகிற நாம், நாம் குடியிருக்கிற ஊரிலேயே ஒரு பெண் செய்த அறத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா என்பதுதான் அவர்களுக்கு நான் சொன்ன பதில், இப்போதும் அதையே சொல்கிறேன். 2014இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பெண்கள் புகழ்க்கூடத்திலும் ஃபாத்திமா அம்மையார் பெயர் இருக்கிறது.

ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றலாம். எங்களில் மூத்தவர்கள் நிறையப் பேருக்கு ஆங்கிலம் கடைக்கும் கிளினிக்குக்கும் போதுமான அளவுதான். வழிகாட்டி ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது கூட்டத்தின் பின்னால் நின்று சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து கேட்டால் ஒன்றும் தெரியாது. தமிழில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பார்கள். திருடர்களைப் பிடித்தார்களா, அந்த ஏழைகள் வீட்டுக்கு வாடகை வாங்கினாரா, மகள் பிறகு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டாரா என்று கேள்வி மேல் கேள்வி வரும். பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். தமிழ்ப் பாடத்துக்காகக் கட்டுரை எழுதும் உயர்நிலை மாணவர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றித் தமிழில் பேசிக் கேட்கிற வாய்ப்பு எவ்வளவு கிடைத்தாலும் தகும். பாட்டியும் பேத்தியும் ஒன்றாக வந்து ஒரே கதையை ஒரே மொழியில் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நடைமுறையைப் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறோம். தொழுகை நேரத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது, வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. காலணியைக் கழற்றுவது, அடக்கமான உடை, எந்த இடம் வரை போகலாம், எதைப் படம் எடுக்கலாம் என்பதையெல்லாம் பள்ளிவாசல் நிர்வாகமும் முயிஸும் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சொல்கிறபடியே நடப்போம். ஒரு சுற்றுக்கு ஆள் அதிகம் வேண்டாம், சின்னக் குழுவாக இருந்தால்தான் பின்னால் நிற்பவருக்கும் காது கேட்கும். நிக்கல் ஹைவே எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சேர்ந்து, பழைய கடற்கரை எங்கே இருந்தது என்று காட்டியபடியே மெல்ல நடந்து வரலாம், வழியில் கோல்டன் மைல் கட்டடமும் வந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு எந்தப் பக்கம் வசதி என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துச் சொன்னால் நல்லது. வர முடியாதவர்களுக்காக, அதே கதையைப் பேச்சுத் தமிழில் பதிவு செய்து கைப்பேசியில் கேட்கும்படி வைத்தால் இன்னும் நல்லது, குரல் கொடுக்க வானொலி அனுபவம் உள்ள ஒருவர் எங்களிடம் இருக்கிறார். எழுதும் தமிழ் மட்டும் கனமாக இருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம், வெயிலில் நின்று கேட்பவர்களுக்குப் பாடநூல் நடை ஒத்துவராது.

பயிற்சி தரும்போது எது ஆவணத்தில் உள்ளது, எது வாய்வழி வந்த செய்தி என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல கதையாக இருக்கிறதே என்று கண்டதையும் சேர்த்துச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை, அந்த அம்மையாருக்கு அது மரியாதையும் இல்லை. கூடவே ஒரு வேண்டுகோள்: ஏழைகளுக்கு அவர் கட்டிக்கொடுத்த வீடுகள் எங்கே இருந்தன, யார் குடியிருந்தார்கள், எப்போது போயின என்பதைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உங்கள் ஆய்வாளர்களைக் கொண்டு தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்த அளவு கிடைக்கட்டும். அந்த இடத்தைக் காட்டி, இங்கேதான் என்று சொல்ல முடிந்தால் எங்கள் சுற்றில் அதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்குவோம்.

முதலில் ஆறு மாதத்துக்குச் சோதனையாக நடத்திப் பாருங்கள். ஆள் வருகிறார்களா, பள்ளிவாசலுக்குத் தொந்தரவு இல்லாமல் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருவதைப் பற்றி முடிவு செய்யலாம். நேரில் பேச அழைத்தால் வருகிறோம், பகல் நேரமாக இருந்தால் மூத்தவர்களும் கூட வருவார்கள். எழுத்து மூலம் பதில் கிடைத்தால் குழுவில் எல்லாரிடமும் காட்ட வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
பீச் ரோடு, கம்போங் கிளாம் வட்டாரத் தமிழ்ப் பெண்கள் சார்பில்,
அங்கு வசிக்கும் ஒருத்தி