ஐப்பசி மழைக்கு முன் கூரை: நம்ம ஊர் டாக்கீஸைத் திறக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

பிள்ளையார் துணை

அன்புடையீர், வணக்கம்.

ஐப்பசி பிறக்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. டாக்கீஸ் கூரையின் கிழக்குப் பக்கத்தில் பதினோரு ஷீட் உடைந்து கிடக்கிறது. போன வருஷ மழையில் திரைக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைப் பலரும் வந்து பார்த்தீர்கள். இன்னொரு மழையைக் கிழக்குச் சுவர் தாங்காது என்று கட்டடத்தைப் பார்த்த என்ஜினீயர் எழுதியே கொடுத்துவிட்டார். உரிமையாளர் குடும்பத்தார் தை முதல் தேதி வரை பொறுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கூரை மாற்றி, லைசென்ஸுக்கு மனுவும் போட்டுவிட்டால் பதினைந்து வருஷக் குத்தகை நமக்கு. தவறினால் இடம் குடோனுக்குப் போகும். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு வரி கட்டியவர்கள் அவர்கள்தான்.

கூரைக்கு மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் 6,60,000 ரூபாய் வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய நிலை.

இளைய பிள்ளைகளுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறோம். தமிழ்நாட்டுக்குள் சினிமா கூடாரத்தோடு ஊர் ஊராக நடந்து வந்தது. 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டுப் படம் காட்டக் கிளம்பினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அவர் போட்ட தடத்தில் டூரிங் டாக்கீஸ்காரர்கள் வந்தார்கள். நம்ம ஊரிலும் முதலில் கீற்றுக் கொட்டகைதான். ஒரே ஒரு மெஷின் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரண்டாவது மெஷினும் பிறகு வந்தன. சுவருக்கு மண் சுமந்தவர்களில் மூன்று பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

மெஷின் ரூம் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை மறக்காது. இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை நின்று எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடியது. எரிய எரிய இடைவெளி கூடும். ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று திருகிக் கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தீரும் முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினைத் தட்டுவார்கள். நம் ஆபரேட்டர் அண்ணன் அந்தப் புள்ளியைத் தவறவிட்டதை இந்தக் குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர் வெளியே போடும் செம்பு பூசிய குச்சித் துண்டுகளைப் பொறுக்கி வந்து பள்ளிக்கூடச் சுவரில் ஸ்டம்ப் வரைந்தவர்கள்தான் இன்று இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மாலையில் குழாய் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு கேட்டால் வயலில் நிற்பவர்கள் கரையேறுவார்கள். பஸ்ஸில் படப்பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் திரைக்குச் சூடம் காட்டிய பிறகுதான் முதல் மணி. உள்ளே போனால் மணலைக் குவித்து அதன் மேல் ஏறி உட்காருவோம். பின்னால் இருப்பவர் திட்டுவார், கொஞ்ச நேரத்தில் அவரும் குவித்திருப்பார். யார் எந்தத் தெரு என்று பார்த்து டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த காலம் அது. டிக்கெட்டை மட்டும் பார்த்து உள்ளே விட்ட வாசல் நம்ம ஊரில் இது ஒன்றுதான். இதை நாங்கள் பெருமையாகவே சொல்கிறோம். கோயில் வாசலிலும் கிடைக்காத இடம் அந்த மணல் தரையில் எல்லோருக்கும் கிடைத்தது.

பிலிம் பெட்டி நின்று டிஜிட்டல் வந்தபோது நம்ம டாக்கீஸ் தடுமாறியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் போட்ட பூட்டு, அந்த நவம்பரில் மற்ற தியேட்டர்கள் திறந்த பிறகும் இங்கே திறக்கவில்லை. இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த மதுரை தங்கம் தியேட்டரே இன்று இல்லை. நம் கட்டடமாவது நிற்கிறது.

இனி கணக்கு. மொத்த மதிப்பீடு 53,00,000 ரூபாய். புரொஜெக்டரும் ஒலிக்கருவிகளும் 18,00,000, கழிப்பறைகள் 5,00,000, இரண்டு புதிய வெளிவாசல்களும் தீயணைப்பு ஏற்பாடுகளும் 2,00,000. இந்த 25,00,000-க்கான வேலை முடிந்து ரசீதோடு இருக்கிறது. கூரை 11,00,000, வயரிங் 6,50,000, முந்நூறு நாற்காலிகள் ஒன்று 3,500 வீதம் 10,50,000 பாக்கி. இதுவரை வந்தது 29,40,000. கையில் இருப்பது 4,40,000. மொத்தமாகக் குறைவது 23,60,000.

கூரையைப் போடாமல் மெஷினை ஏன் முதலில் வாங்கினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வேறொரு ஊரில் தியேட்டரை மூடிவிட்டு மெஷினை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அன்று விட்டிருந்தால் அந்த விலைக்கு இனிக் கிடைக்காது. இப்போது அது கோயில் மண்டபத்து அறையில் பூட்டிப் பத்திரமாக இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

வெளிவாசலுக்கு இவ்வளவு செலவா என்றும் கேட்டார்கள். 1979-இல் தூத்துக்குடியில் கொட்டகை தீப்பிடித்து எத்தனையோ உயிர்கள் போனதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்தச் செலவில் ஒரு ரூபாயும் குறைக்க மாட்டோம். தவிர, பொதுப்பணித் துறை, மின் ஆய்வாளர், தீயணைப்புத் துறை சான்றுகள் இருந்தால்தான் கலெக்டர் அலுவலகத்தில் படம் காட்டுவதற்கான சி படிவ லைசென்ஸ் கிடைக்கும். கட்டட உறுதிச் சான்றுக்குக் கூரை வேண்டும். எங்கே சுற்றினாலும் கூரையில்தான் வந்து நிற்கிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! டாக்கீஸ் வாசலில் முப்பது வருஷம் முறுக்கு விற்ற ஆத்தா, முந்தானை முடிச்சை அவிழ்த்து 501 ரூபாயை எண்ணி வைத்தார். ரசீது வேண்டாம் என்றார், நாங்கள்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். இரண்டு மகளிர் குழுக்கள் வாராவாரம் தலைக்கு ஐம்பது ரூபாய் சேர்த்தன. ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள் ஒரு நாள் வசூலை அப்படியே கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் கூலி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், அறை வாடகை போக மிஞ்சியதில் அனுப்பியது மட்டும் 7,20,000. கழிப்பறைக் கொத்தனார் பாதிக் கூலியை வாங்க மறுத்துவிட்டார். ஆபரேட்டர் அண்ணனின் மனைவி, அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பழைய லென்ஸைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அது முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனவருத்தத்தோடு சொல்கிறோம். சித்திரைக் கூட்டத்தில் மைக்கில் பெயர் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களில் இருபத்து மூன்று பேரின் தொகை இன்னும் வரவில்லை. அது 4,60,000 ரூபாய். அது வந்துவிட்டால் கூரைக்குக் குறைவது இரண்டு லட்சம்தான். பெயர்களை எழுதி ஒட்டச் சொன்னார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. அவரவர் கஷ்டம் அவரவருக்குத் தெரியும். முழுத்தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கொடுங்கள், அல்லது முடியாது என்று நேரில் சொல்லிவிடுங்கள், வேறு கதவைத் தட்டுகிறோம். ஆனால் பிள்ளையார் சன்னதியில் நின்று சொன்ன வார்த்தை அது. முறுக்கு ஆத்தா கொடுத்துவிட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாற்காலிக்கு 3,500 கொடுப்பவர்கள் தங்கள் பெற்றோர் பெயரை அதன் முதுகில் எழுதிக் கொள்ளலாம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. வருமான வரிக்கான 80ஜி சலுகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதை நம்பி யாரும் கொடுக்க வேண்டாம். பணம் கொடுக்க முடியாதவர்கள் ஷீட் இறக்கும் அன்று ஆள் உதவிக்கு வாருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் தொட வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதற்குத் தெரிந்த ஆட்களை அமர்த்தியிருக்கிறோம்.

தினமும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை பழைய தரை டிக்கெட் கவுண்டரில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். கம்பிக்குள் கையை நீட்டினால் போதும், முன்பு போலவே.

இப்படிக்கு,
டாக்கீஸ் புதுப்பிப்புக் குழுவினர்