பாத்ஷீபாவுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள கதிர்,

பார்படோஸில் ஆட்டம் முடிந்த மறுநாள் சும்மாதான் இருப்பேன், பாத்ஷீபா போகலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. ஆனால் கரையைக் கண்டதும் கடலில் இறங்கிவிடாதே. காலங்காலமாக ஜனங்கள் கடலாடப் போகிற ஊர்தான். ஆடுகிற இடம்தான் வேறு.

நம் வேதாகமத்தில் வரும் பத்சேபாளின் பெயர்தான் அந்த ஊருக்கு. அவள் பாலில் குளித்தாளாம், கரையில் பொங்கும் நுரையும் அப்படி வெள்ளையாம். அட்லாண்டிக் அலை தடுப்பாரின்றி வந்து மோதும் கிழக்குக் கரை அது. 'சூப் பௌல்' என்ற இடத்தில் அலைச்சறுக்குக்காரர்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை குவிவார்கள். நீந்துகிறவனுக்கு அது ஆகாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாக ஒரு சந்து தெரியும். இறங்கத் தோதான இடம் என்று தோன்றும். ஆளை வெளியே இழுத்துப் போகிற நீரோட்டம் ஓடுவது அதில்தான்.

நீ உட்கார வேண்டியது பாறைக் குட்டைகளில். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் முழுசாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடு. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பாதே. பாசி வழுக்கும், கடல் முள்ளெலி குத்தும், ஆகவே ரப்பர் அடிச் செருப்பை இறுகக் கட்டிக்கொள். பாறையைத் தாண்டி அலை குட்டைக்குள் விழ ஆரம்பித்ததும் எழுந்துவிடு.

அங்கிருந்தே அந்தப் பெரிய பாறைகளைக் கவனி. பழைய பவளத் திட்டிலிருந்து உடைந்தவை. அடியைச் சுற்றிலும் கடல் அரித்து, காளான்போல மேலே பருத்து நிற்கின்றன. கரையையும் இதே கடல் விடவில்லை. 1880களில் தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து இங்கே ரயில் வந்தது, ஊர் உல்லாசத்தலமாக வளர்ந்தது. தீவின் பெரும்பகுதியை மூடியிருக்கும் பவளப் பாறை இந்தப் பக்கம் இல்லை; மழை பெய்தால் களிமண் சரியும். கீழே அலை அரிக்க, மேலே மண் சரிய, தண்டவாளத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. 1937-ல் ரயில் நின்றது. பழைய தடத்தை ஒட்டிய கிழக்குக் கரைச் சாலை 1966-ல் திறந்தது.

சில மாதங்களில் சர்காஸம் பாசி கரையில் மலையாக ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்படியானால் மேட்டிலிருக்கும் ஆண்ட்ரோமெடா தாவரத் தோட்டத்துக்கு ஏறிவிடு. ஐரிஸ் பானோக்கி என்ற பெண்மணி 1954-ல் தொடங்கிய தோட்டம் அது. தாடிபோல விழுது தொங்கும் தாடி அத்தி மரம் அங்கே நிற்கிறது; 'தாடிக்காரர்கள்' என்று பொருள்படும் பார்படோஸ் என்ற பெயர் தீவுக்கு இந்த மரத்தால் வந்ததாகச் சொல்வார்கள். மதியத்துக்குப் பறவைக் கோலா மீனும் கூ-கூவும் சாப்பிடு. சோளமாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டிய களிதான் கூ-கூ.

பஸ் பிரிட்ஜ்டவுனில் ஃபேர்சைல்ட் தெரு நிலையத்தில் ஏறு. நீல நிற அரசுப் பேருந்தில் கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர், சில்லறை தர மாட்டார்கள். ஒரு 2 டாலர் நோட்டு, பறவைக் கோலா பொறித்த 1 டாலர் நாணயம், இரண்டு 25 சென்ட் என்று எடுத்து வைத்துக்கொள். ராணுவத்தார் போடுவதுபோலத் திட்டுத் திட்டாக நிறம் போட்ட உடுப்பு, எந்த நிறமானாலும், அந்த நாட்டில் பொதுமக்களுக்குத் தடை, தொப்பியாக இருந்தாலும் வேண்டாம். திரும்ப 'டு சிட்டி' என்று எழுதிய கம்பத்தடியில் நில். எதிர்ப்பக்கம் நின்றால் பஸ் ஊரை விட்டு அப்பால் கொண்டுபோகும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்