அப்பாவின் நோட்டுகளைத் தேடி எடு

தூத்துக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டால், பவளத்தைப் பார்க்க மூழ்கும் எங்களுக்குக் கரையில் கால் தங்காது, கோபிக்காதே. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி மனத்தை நிறைத்தது. என் வாழ்த்தைச் சொல்.

பள்ளிக்குப் போகும் வழியில் வள்ளத்திலிருந்து பவளக்கல் இறக்குவார்களே, நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக்குப் போன கல். அப்படி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. கல் எடுப்பது ஓய்ந்தது. இப்போது சூடு வந்திருக்கிறது.

கோடை நீர் தன் வழக்கமான உச்சத்துக்கு மேல் 1 டிகிரி ஏறிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும். பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. அந்தக் கூடுதல் சூட்டைச் செயற்கைக்கோள் வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே வருகிறது. 1 டிகிரி கூடுதல் ஒரு வாரம் நின்றால் 1 என்று கணக்கு. கூட்டுத்தொகை 4 ஆனால் வெளுப்பு, 8 ஆனால் சாவு என்பது பொதுக் கணக்கு. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனமும் இப்படிச் செயற்கைக்கோள் வெப்பத்தை வைத்தே நமக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. 2016 கோடையில் நம் பவளம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்க நோவா நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரு கட்டம் 5 கிலோமீட்டர். நம் தீவுகள் பல அதற்குள் முழுதாக அடங்கிவிடும். ஒரே தீவிலேயே ஒரு பக்கம் தெளிந்த நீர், மறுபக்கம் கலங்கல். கலங்கல் வெயிலை மறைத்துப் பவளத்தைக் காக்கவும் செய்யும், வண்டலாகப் படிந்து மூச்சை அடைக்கவும் செய்யும். எது நடக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. அதனால் பவளப் பாரில் கட்டிவைத்த வெப்பமானி, கலங்கல் அளவு, காற்று, நீவாடு என்னும் நீரோட்டம், 20 மீட்டர் நாடா விரித்து நாங்கள் மூழ்கி எழுதும் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்கிறோம். கடலைக் குளிர வைக்க நம்மால் ஆகாது. ஆனால் எந்தப் பார் திணறுகிறது என்று தெரிந்தால், அங்கே பவளம் நடுவதைத் தள்ளிவைக்கலாம். வலையும் நங்கூரமும் விழாமல் பார்க்கலாம். குருசடைத் தீவில் பவளத்தைப் போர்த்திய கப்பாபைகஸ் பாசியைப் போல எதுவும் பரவினால் முதலில் அங்கே அகற்றலாம்.

இனி நான் கேட்க வந்தது. உன் அப்பா நாள்தோறும் காற்று, நீரின் நிறம், எந்தப் பாரில் என்ன மீன் என்று நோட்டில் எழுதுவாரே! 1998இல் உலகம் முழுவதும் பவளம் வெளுத்தது. அந்த ஆண்டின் நம் கடலைப் பற்றி என் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. அவர் நிச்சயம் எழுதியிருப்பார். பரணில் தேடிப் பார். தபாலில் அனுப்பாதே, உப்பேறிய தாள் உடைந்துவிடும். கச்சான் காற்று எழும்பிக் கடல் கலங்கியதும் நானே வருகிறேன்.

உன் நண்பன்