மதினிக்கு: காய் நறுக்கும் வக்கீலைப் பற்றி

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "நீ சொன்னியேன்னு அந்த ஜப்பான் நாடகத்தப் போட்டேன். அரை மணி நேரமா ஒருத்தன் காய் நறுக்கிட்டே இருக்கான். இதுல காதல் எங்கட்டி இருக்கு?" என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்து, அது அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். ஆண்-ஆண் காதலைச் சொல்லும் தாய்லாந்துத் தொடர்களிலிருந்து ஜப்பான் பக்கம் வருகிற பலரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

'நேற்று என்ன சாப்பிட்டாய்?' தொடரை முதலில் பார்க்கச் சொன்னது வேண்டுமென்றேதான். தாய்லாந்துத் தொடர்களில் இரண்டு பையன்கள் சேருவதற்குள் பன்னிரண்டு வாரம் ஓடிவிடும். மழை, காய்ச்சல், தப்பாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொள்வது எல்லாம் முடிந்து, சேர்ந்ததும் 'சுபம்'. இந்தத் தொடரிலோ முதல் காட்சியிலேயே இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஷிரோ நாற்பதைத் தாண்டிய வக்கீல். கென்ஜி சலூனில் முடி திருத்துகிறவன். எப்படிச் சேர்ந்தார்கள் என்பதில் கதைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. சேர்ந்தபிறகு எப்படி வாழ்வது என்பதுதான் கதை.

ஷிரோ சாயங்காலம் வேலை நேரம் முடிந்ததும் நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவான். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக்கூடாது என்பது அவன் கணக்கு. எந்தக் கடையில் எது மலிவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி நடப்பான். வக்கீலுக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று தோன்றும். பிள்ளை குட்டி கிடையாது, சட்டப்படி கணவனும் இல்லை மனைவியும் இல்லை. வயதான காலத்தில் கையில் இருக்கும் காசுதான் துணை என்ற பயம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், பீன்ஸ் விலையைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக் கணக்கு எழுதுகிற நீங்கள் இதைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்!

முதல் எபிசோடில் ஒரு சண்டை வருமே, அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கூட இருப்பவர் வக்கீல் என்று கென்ஜி சலூனுக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருப்பான். ஊருக்குத் தெரியக்கூடாது என்று வாழ்கிற ஷிரோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்போது கென்ஜி கேட்பான்: எங்கள் முதலாளி மனைவி பிள்ளைகளைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் பேசுகிறாரே, நான் மட்டும் என் வீட்டில் இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதா? சத்தம் போடாமல்தான் கேட்பான். ஷிரோவிடம் பதில் இருக்காது.

அடுத்த எபிசோடில் ஒரு தர்பூசணி வரும். முழுப் பழம் மலிவு, ஆனால் இரண்டு பேருக்கு அதிகம். கடையில் அதே யோசனையோடு நிற்கிற ஓர் அம்மாளோடு பாதிப் பாதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் வீட்டுக்குப் போய்ப் பழத்தை வெட்டும்போதுதான், தெரியாத ஆம்பிளையை வீட்டுக்குள் விட்டுவிட்டோமே என்று அந்த அம்மாளுக்குத் திக்கென்று ஆகும். அவர் பயந்து பதறுவதைப் பார்த்த ஷிரோ, பெற்றவர்களைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிடுவான்: நான் ஆண்களை விரும்புகிறவன்! வேறு எந்த நாடகமாக இருந்தாலும் இந்த இடத்தில் வயலின் வாசித்திருப்பார்கள். இங்கே தர்பூசணி. அந்த அம்மாள் கடைசிவரை அவனுக்கு நல்ல தோழி.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்ததற்கு வருகிறேன். கென்ஜியின் நண்பர்களான ஓர் ஆண் ஜோடி ஒருநாள் சாப்பிட வருவார்கள். அதில் ஒருவர் ஷிரோவிடம் வக்கீல் என்ற முறையில் ஆலோசனை கேட்பார். தான் உழைத்துச் சேர்த்ததெல்லாம் கூட வாழ்கிறவருக்கே போக வேண்டும், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்குக் காலணா போகக்கூடாது. அதற்காக அவரை மகனாகத் தத்து எடுத்துக்கொள்ளலாமா?

மதினி, இது கதைக்காகக் கட்டிய விஷயம் இல்லை. ஜப்பானில் வயது வந்த ஒருவரை இன்னொருவர் தத்து எடுக்கலாம், எடுப்பவர் வயதில் மூத்தவராக இருந்தால் போதும். திருமணம் செய்துகொள்ள வழியில்லாத ஜோடிகள் இந்த வழியில் போவது அங்கே உண்டு. உயில் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பிள்ளை இல்லாமல், சட்டப்படி துணையும் இல்லாமல் ஒருவர் இறந்துபோனால், உயில் என்ன சொன்னாலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றோர் கேட்டு வாங்க முடியும். தத்துப் பிள்ளை என்று ஒருவர் பதிவில் ஏறிவிட்டால் பெற்றோருக்கு அந்த உரிமை போய்விடும். ஆக, காதலனைக் காப்பாற்ற அவனைப் பிள்ளையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் காட்சியில் யாரும் அழ மாட்டார்கள், மேசை மேல் சாப்பாடு இருக்கும். பெற்றவர்களுக்கு ஒன்றும் போகக்கூடாது என்று ஒரு மனிதர் அவ்வளவு அமைதியாகச் சொல்கிறாரே, அவரை அந்த வீட்டில் என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் தேடின காதல் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையை எழுதி வரைந்தவர் யோஷினாகா ஃபூமி என்ற பெண். 2007இலிருந்து கோதன்ஷா நிறுவனத்தின் 'மார்னிங்' வார இதழில் வருகிறது. அது வயது வந்த ஆண்கள் வாசிக்கிற பொதுவான மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழ். ஆண்-ஆண் காதல் கதைகளுக்கென்றே ஜப்பானில் தனி இதழ்களும் பெண் வாசகர் கூட்டமும் எழுபதுகளிலிருந்தே இருக்கும்போது, இவர் இந்த இருவரைப் பொதுவழியில் கொண்டுபோய் நிறுத்தினார். சமையல் குறிப்புக்காகவே வாங்குகிறவர்கள் அங்கே உண்டு. 2019இல் டிவி டோக்கியோ இதைத் தொடராக எடுத்து வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் பன்னிரண்டு எபிசோடுகள் ஒளிபரப்பியது. நிஷிஜிமா ஹிதெதோஷி ஷிரோவாகவும் உச்சினோ செய்யோ கென்ஜியாகவும் நடித்தார்கள். இரண்டு பேரும் அங்கே பெரிய நடிகர்கள். உச்சினோ கையை ஆட்டிக் குழைந்து பேசுவதைப் பார்த்து முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. போகப்போக அந்த மனிதனுக்கு மனசு எவ்வளவு சீக்கிரம் நோகிறது, எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்த்து அதெல்லாம் மறந்தே போனது.

நள்ளிரவில் ஏன் போடுகிறார்கள் என்று கேட்டால், அங்கே விளம்பரக்காரர்களின் கெடுபிடி குறைவான நேரம் அதுதான். புதுசாக எதையாவது செய்து பார்க்கிற இடமும் அதுவே. 2018இல் டிவி அசாஹி சனிக்கிழமை இரவு பதினொன்றே காலுக்குப் போட்ட 'ஓஸ்ஸான்ஸ் லவ்' தொடருக்கு ஏழே எபிசோடுகள், டிஆர்பியும் பிரமாதமில்லை. ஆனால் ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டது. ரியல் எஸ்டேட் ஆபீஸ், சோம்பேறியான ஹீரோ, அவனைக் காதலிக்கிற கல்யாணமான மேலதிகாரி, அதே வீட்டில் தங்கியிருக்கிற சக ஊழியன் என்று முழுக்க முழுக்கக் கலாட்டா. அதற்கு அப்புறம்தான் மற்ற சேனல்களுக்கும் தைரியம் வந்தது என்பது என் கணிப்பு. 2022இல் எம்பிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் கடோகாவா பதிப்பகத்தோடு சேர்ந்து இந்த மாதிரிக் கதைகளுக்காகவே ஒரு நேரத்தை ஒதுக்கியது. எல்லாம் நல்ல தொடர்கள் என்று சொல்ல மாட்டேன், பாதியில் நிறுத்தியவை நிறைய.

தாய்லாந்து நடிகர்கள் டே, நியூ நடித்து நீங்கள் பார்த்த 'செர்ரி மேஜிக்' இருக்கிறதே, அதற்கு முந்தைய ஜப்பான் தொடர் 2020இல் டிவி டோக்கியோவில் வந்தது. முப்பது வயது வரை யாரோடும் சேராத ஒருவனுக்குத் தொட்டால் பிறர் மனதைக் கேட்கும் சக்தி வருகிற அதே கதை. ஆகாசோ எய்ஜியும் மச்சிதா கெய்தாவும் அழகாகச் செய்திருக்கிறார்கள். மாங்காவில் இந்த மாதிரிக் கதைகளின் ரசிகையாக வரும் ஆபீஸ் தோழியை, தொடரில் யார் மேலும் காதலே வராத ஒரு பெண்ணாக மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்காகவே எழுதியவர்களைக் கும்பிடலாம். ஆனால் கடைசி எபிசோடில் முத்தமிடப் போகும் நேரத்தில் லிஃப்ட் கதவைச் சாத்திவிட்டார்கள். பன்னிரண்டு வாரம் காத்திருந்தவளுக்குக் கதவு! இதை நாகரிகம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பயமாகத்தான் பட்டது. ஜப்பான்காரர்கள் சொல்லாமல் விடுவதில் கெட்டிக்காரர்கள்தான். சில சமயம் அந்தக் கெட்டித்தனம் தப்பித்துக்கொள்ளவும் வசதியாகப் போய்விடுகிறது. உங்கள் புகாரில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் சமையல்கார வக்கீல் எனக்கு உசத்தி. அதிலும் முத்தத்துக்காகக் காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். ஆனால் வாடகை, சொத்து, நோய், பெற்றவர்கள் என்று வேறு எந்தக் கதவையும் அது சாத்தவில்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து உங்கள் பையன்கள் போய்ப் பதிவுத் திருமணமே செய்துகொள்ளலாம். ஜப்பானில் 2015இல் டோக்கியோவின் ஷிபுயா, செதகாயா வட்டங்கள் தொடங்கிவைத்த, இருவரும் ஜோடி என்று சொல்லும் சான்றிதழ் இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. மருத்துவமனையில், வாடகை வீட்டில் கொஞ்சம் உதவும், சொத்துக்கு உதவாது. 2021இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் இவர்களுக்குத் திருமணத்தை மறுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று முதல்முறையாகச் சொன்னது. பிறகு ஐந்து உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அப்படியே சொல்லின. 2025 நவம்பரில் டோக்கியோ உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு மாற்றிச் சொல்லிவிட்டது.

கடைசி எபிசோடு வரையாவது பாருங்கள். புத்தாண்டுக்கு ஷிரோ கென்ஜியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான். திரும்பி வரும் வழியில் கென்ஜி அழுதுகொண்டே, இந்தச் சந்தோஷத்தோடு செத்துப்போனாலும் பரவாயில்லை என்பான். அதற்கு ஷிரோ, சாகிற பேச்செல்லாம் பேசாதே, எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்து, உப்பைக் குறைத்து, அரை வயிறு முக்கால் வயிறாகச் சாப்பிட்டு ரொம்ப நாள் இருப்போம் என்பான். அவனுக்குக் காதலைச் சொல்லத் தெரிந்த விதம் அதுதான்.

ஷிரோவின் அம்மாவாக காஜி மெய்கோ நடித்திருக்கிறார். நீ குற்றவாளியாக இருந்தாலும் சரி, ஆண்களை விரும்புகிறவனாக இருந்தாலும் சரி, உன்னை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம் என்று பாசம் பொங்கச் சொல்கிற அம்மா. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. 2021இல் வந்த திரைப்படத்தில், புத்தாண்டுக்கு வந்துபோன பிறகு அவர் உடைந்துபோக, இனிமேல் கென்ஜியை இங்கே கூட்டிவர வேண்டாம் என்று மகனுக்குச் சேதி வரும். அதைக் கென்ஜியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஷிரோ அவனைக் கியோட்டோவுக்குச் சுற்றுலா கூட்டிப்போவான். திடீரென்று இவ்வளவு தாராளமாகச் செலவு செய்கிறானே, நோய் கீய் வந்துவிட்டதோ என்று கென்ஜி மிரண்டுபோவான். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. "பாவம், அவளால முடிஞ்சது அவ்வளவுதான்" என்கிறான் உங்கள் வீட்டுக்காரன். எனக்கு அந்த அம்மா மேல் இருக்கிற கோபம் இறங்கவே இல்லை. நீங்கள் பார்த்துவிட்டு யார் பக்கம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்