போய்ப் பார்த்துவிட்டு வா, குட்டி

கும்பகோணம்
11.05.2021

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. இன்று காலை ஆக்சிமீட்டரில் 98 காட்டியது. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததும் எனக்குப் பேச்சே வரவில்லை. “சரி, அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் நோட்டுப் பேப்பரைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்து போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். இப்போது இங்கே இரவு பத்தரை, உனக்குச் சாயங்காலம் ஆறு மணி.

மே 10 என்ற தேதியை நான் மறக்கவே மாட்டேன். நேற்று முதல் நீ படிக்கிற அயர்லாந்தில் ஒரு கவுன்டியிலிருந்து, அதாவது நம் மாவட்டம் மாதிரி, இன்னொரு கவுன்டிக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அதே நேற்றுத்தான் இங்கே முழு ஊரடங்கு தொடங்கியது. மளிகை, காய்கறி எல்லாம் பகல் 12 மணி வரைதான். பஸ் கிடையாது. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்கிறது. தமிழ்நாட்டில் ஒரு நாள் கொரோனா கணக்கு 28,000-ஐத் தாண்டிவிட்டது.

“இப்படி இருக்கும்போது நான் எப்படிம்மா என்னோடு வீட்டில் இருக்கிற இவர்களோடு சேர்ந்து கடலோரத்து மோகர் பாறை பார்க்கப் போவேன்” என்று கேட்டாய். போ. நீ போகத்தான் வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உனக்கு எல்லை போட்டார்களே, அப்போது நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்லவில்லை. 5 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடியே போனேன். தாராசுரம் கோயில் வந்தது, அதற்கு மேல் கொஞ்சம் போனதும் முடிந்துவிட்டது. சுவாமிமலை எட்டாது. வண்டியை ஓரமாக நிறுத்தி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். என் பிள்ளை உலகத்தின் அந்தக் கோடி வரை போய், இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறாளே என்று தொண்டை அடைத்தது. அக்டோபரில் ஆறு வாரம், அப்புறம் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் 12 வரை. லேபுக்குப் போன நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெண்டிலேட்டர் செய்கிற ஊரில் பயோமெடிக்கல் படிக்கப் போகிறேன் என்று அவ்வளவு ஆசையாகப் போனாய். கடைசியில் பாடம் முழுக்க அந்தச் சின்ன அறையில், லேப்டாப்பில்.

பணத்தைப் பற்றி நீ பேச்செடுத்தாலே எனக்குப் பிடிப்பதில்லை. என் இரட்டை வடம் பேங்கில் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வாரக் கடைசியில் ராத்திரி சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கி அனுப்புகிற பணத்தை இனி அனுப்பாதே. பஸ்ஸுக்கு வைத்துக்கொள்.

உன்னோடு இருக்கிற அந்த மூன்று பேரைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். பெயர்கள் இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை. அதனால் நம் வீட்டில் தஞ்சாவூர் சித்தி, மன்னார்குடி அத்தை என்று சொல்வதுபோல நைஜீரியாவிலிருந்து வந்தவனை லாகோஸ் தம்பி, மலேசியாவிலிருந்து வந்தவளை மலாக்கா பெண், பிரேசிலிலிருந்து வந்தவளை மனாஸ் பெண் என்றுதான் அப்பாவும் நானும் பேசிக்கொள்கிறோம். “லாகோஸ் தம்பிக்குப் பரீட்சை முடிந்ததா” என்று நேற்றுகூட அப்பா கேட்டார்.

செப்டம்பரில் நீ போய் இறங்கியதும் 14 நாள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றபோது எனக்குச் சாப்பாட்டுக் கவலைதான். மூன்றாம் நாள் வீடியோவில் காட்டினாய். கதவுக்கு வெளியே தரையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் மடித்த காகிதத்தில் ஸ்பூன். லாகோஸ் தம்பி தட்டிவிட்டு, தள்ளிப் போய் மாடிப்படியில் நின்றுகொண்டு, நீ எடுத்துக்கொள்கிறாயா என்று பார்த்தான். தட்டைத் திறந்தால் ஜோலோஃப் சோறு. சிவப்பாக, நம் தக்காளி சாதம் மாதிரியே. உன் முகத்தைக்கூட அவன் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை. 14 நாளும் ஒரு வேளைகூட அந்தத் தட்டு தவறவில்லை. அந்த வீடியோவைப் பார்த்த ராத்திரிதான் நான் தூங்கினேன்.

வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் மட்டும் ஒரு குடித்தனம் என்று அந்த ஊர் அரசாங்கம் சொன்னபோது நீங்கள் நான்கு பேரும் சட்டப்படியே ஒரு குடும்பமாகிவிட்டீர்கள். சால்ட்ஹில் கடற்கரையில் நான்கு பேரும் நடந்து போய், கடைசியில் இருக்கிற சுவரைக் காலால் உதைத்துவிட்டுத் திரும்புவதுதான் அந்த ஊர் வழக்கம் என்று வீடியோ அனுப்பினாயே. மழையில் நனைந்த நான்கு ஷூ அந்தச் சுவரில் வரிசையாக இருந்தன. அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மனாஸ் பெண்ணிடம் நான் கடன்பட்டிருக்கிறேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஜனவரியை யோசித்துப் பார். 8-ம் தேதி அயர்லாந்தில் ஒரே நாளில் 8,248 பேருக்கு என்று செய்தி. இங்கே அப்போது ஓரளவு அடங்கியிருந்தது. பொங்கலுக்குக் கரும்பு வாங்கியாகிவிட்டது. நான்தான் உன்னை வந்துவிடு, வந்துவிடு என்று அழுதேன். அதே மாதம்தான் மனாஸ் நகரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் ஜனங்கள் சிலிண்டருக்கு அலைந்தார்கள். அவளுடைய மாமாவுக்கு முடியவில்லை, ராத்திரி முழுக்க சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஐயோ பாவம்” என்றேன். அடுத்த வாக்கியமே “நீ ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா” என்றுதான் கேட்டேன். மாமா போய்விட்டார் என்று பிறகு நீ சொன்னபோதும் இரண்டு வார்த்தைக்கு மேல் நான் பேசவில்லை. பிரேசில் எனக்கு அவ்வளவு தூரத்தில் இருந்தது.

இப்போது நம் ஊரில் சிலிண்டருக்கு நிற்கிறார்கள். நீ அதே சமையலறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாய். அப்பாவுக்குக் காய்ச்சல் இருந்த அந்த நான்கு ராத்திரியும் அவள் உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னாய். ஒன்றும் பேசவில்லை, டீ மட்டும் போட்டுக் கொடுத்தாள் என்றாய். பட்டவளுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று. நான் பக்கத்தில் இருந்திருந்தால்கூட ஏதாவது பேசிப் பேசி உன்னைப் படுத்தியிருப்பேன்.

இன்னொன்று. இதை உன்னிடம் பத்து நாளாக மறைத்துவிட்டேன், கோபப்படாதே. எதிர் வீட்டு ஹெட்மாஸ்டர் சார் ஏப்ரல் 30-ம் தேதி தவறிவிட்டார். உனக்கு சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குத்தான். பையன் கெஞ்சிக் கேட்டதால் டிரைவர் நம் தெரு வழியாக வர ஒத்துக்கொண்டார். தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அப்போது எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. உங்கள் தெருவில் சோடா பிரெட் சுட்டு மதில் மேல் வைத்துவிட்டுப் போவாரே ஒரு பாட்டி, அவர் ஜனவரியில் இறந்தபோது பத்துப் பேருக்கு மேல் சாவுக்குப் போக முடியாது என்பதால், தெருவே இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நின்றது, கார் மெதுவாகப் போனது, நாங்கள் நான்கு பேரும் நின்றோம் என்று சொன்னாய் அல்லவா?

நான் எல்லா வீட்டுக்கும் போன் போட்டேன். வெளியே வர வேண்டாம், மாஸ்க் போட்டுக்கொண்டு அவரவர் வாசற்படியில் நில்லுங்கள், போதும் என்றேன். எல்லாரும் வந்தார்கள். பூக்காரம்மாகூட கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். வண்டி சாருடைய வீட்டு முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. மாமி உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தார். மறுநாள் போனில், “தெருவே வந்து நின்னுதேடி, அது போதும் எனக்கு” என்றார். உன் ஊர்ப் பழக்கம்தான் மாமி அது என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீ ஒருநாள் கூப்பிட்டுப் பேசு.

ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய். வராதே. வந்தால் திரும்பிப் போக ஓட்டலில் 12 ராத்திரி அடைந்து கிடக்க வேண்டும், 1,875 யூரோ. இந்தியாவையும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தீசிஸ் பாதியில் நிற்கும். நீ வந்து இங்கே செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எலெக்‌ஷன் டியூட்டிக்காக எனக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. போன மாதக் கடைசியில் அயர்லாந்திலிருந்து 700 ஆக்சிஜன் செறிவூட்டிகள் டெல்லியில் வந்து இறங்கின என்று செய்தியில் பார்த்ததும் அப்பா சத்தமாகக் கூப்பிட்டு, “குட்டி ஊர்லேர்ந்து வந்திருக்கு” என்றார். நீ அந்தப் படிப்பை முடி. அப்படிப்பட்ட ஒரு மெஷினை ஒருநாள் நீ செய்.

அதற்கு முன்னால் சனிக்கிழமை மோகருக்குப் போ. மலாக்கா பெண்ணுக்கு புதன்கிழமையோடு நோன்பு முடிகிறது என்றாயே. அங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் போகாத ஊரில், மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துகொண்டே அவள் ஆஸ்பத்திரிப் படிப்பும் படித்திருக்கிறாள். பெருநாளுக்கு நீ சேமியா பாயசம் வை. நெய்யில் முந்திரியை வறுக்கும்போது அடுப்பைக் குறைத்துக்கொள், நீ எப்போதும் கருக்கிவிடுவாய். அவள் வீட்டாரையும் அவள் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்.

பஸ்ஸில் பாதிப் பேரைத்தான் ஏற்றுவார்கள், முன்னாலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். 214 மீட்டர் உயரம் என்று போட்டிருக்கிறது, காற்றும் பலமாக இருக்குமாம். ஓரத்துக்குப் போகாதே, லாகோஸ் தம்பியையும் செல்ஃபி எடுக்கிறேன் என்று ஓரத்துக்குப் போக விடாதே. இந்த மாதத்தில் பஃபின் பறவை அங்கே கூடு கட்டியிருக்குமாம். அப்பாவுக்கு அதன் மூக்கைப் பார்க்க வேண்டுமாம், வீடியோ எடு.

மனாஸ் பெண்ணின் அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்றாய். அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக மனசில் இருக்கிறது. எனக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் தமிழில் பேசி அனுப்புகிறேன். நீ அவளிடம் இங்கிலீஷில் சொல், அவள் அவருடைய பாஷையில் சொல்லட்டும். ஜனவரியில் கேட்க வேண்டியதை இப்போதுதான் கேட்கிறேன் என்று முதலில் சொல். அவருடைய தம்பியா, அண்ணனா போனது? அதை மட்டும் முதலில் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா